முதுமையில் சிறுக்கும் தடிப்பு: ஒரே வீட்டில் மூன்று தலைமுறை ஆஸ்துமா குறித்த நிகழ்வு ஆய்வு

வயது ஏற ஏற ஒவ்வாமை தணிந்துவிடும் என்றும், ஒவ்வாமை தணிந்தால் ஆஸ்துமாவும் தானாக விலகிவிடும் என்றும் ஒரு நம்பிக்கை நோயாளரிடம் மட்டுமன்றி வைத்தியர்கள் சிலரிடமும் இருக்கிறது. இதன் முதற்பாதியில் ஓரளவு உண்மை உண்டு. இரண்டாம் பாதியை நம்பித் தடுப்பு மருந்தை நிறுத்தியவர்கள் மழைக்காலத்தில் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வந்து சேர்கிறார்கள். வெள்ளவத்தையில் ஒரே தொடர்மாடி வீட்டில் வசிக்கும் அம்மம்மா, மகள், பேரன் ஆகிய மூவரின் ஆஸ்துமாவை இந்த ஆய்வு எடுத்துக்கொள்கிறது. மூவரும் ஒரே காற்றைச் சுவாசித்தாலும் அவர்களுடைய தோலும் குருதியும் மூன்று வேறு விடைகளைத் தந்தன. இக்குடும்பம் பல நோயாளரின் விவரங்களிலிருந்து சேர்த்து அமைக்கப்பட்டது. எந்தத் தனி மனிதரையும் இது சுட்டாது. முதன்மையான நோயாளர் அம்மம்மாவே. மற்ற இருவரும் அவருடைய முடிவுகளை விளங்கிக்கொள்வதற்காகவே இங்கு வருகிறார்கள்.

நோயின் வரலாறு

அவர் 67 வயதான, ஓய்வுபெற்ற ஆசிரியை, யாழ்ப்பாணத்தில் பிறந்தவர். ஐந்து வயதளவில் தொடங்கிய முட்டு வருத்தம், பனி விழும் மார்கழி, தை மாதங்களில் கூடியும் மற்றக் காலங்களில் குறைந்தும் இருந்து, 14 வயதளவில் நின்றுபோனது. பின்னர் திருமணமாகிக் கொழும்புக்கு வந்து, இரண்டாவது பிள்ளை பிறந்த சில மாதங்களில், 31 வயதில் அது திரும்பியது. இப்படி நின்று திரும்புவது விதிவிலக்கன்று. நியூசிலாந்தின் டனீடின் நகரில் 1972–73இல் பிறந்த பிள்ளைகளை 26 வயது வரை தொடர்ந்து கவனித்த ஆய்வில், முழு விவரம் கிடைத்த 613 பேரில் 14.5% பேருக்குச் சிறுவயதில் தொடங்கிய இழுப்பு நீங்காமல் நீடித்தது, 12.4% பேருக்கு நின்றபின் மீண்டும் வந்தது. நீடிப்பதையும் திரும்புவதையும் முன்கூட்டியே காட்டிய அடையாளங்களுள் ஒன்று, வீட்டுத் தூசி உண்ணிக்கு இருந்த ஒவ்வாமை. ஆகவே, பருவ வயதில் இழுப்பு நின்றபோது இந்த அம்மாவின் ஒவ்வாமையும் நின்றது என்று கொள்வதற்கு அப்போதே ஆதாரம் இருக்கவில்லை.

34 வயதில் அவருக்குத் தோல் குத்தல் சோதனை, அதாவது ஒவ்வாமைப் பொருளின் துளியைத் தோலில் இட்டுக் குத்தி, எழும் தடிப்பை அளக்கும் சோதனை, செய்யப்பட்டது. அந்தப் பழைய அட்டையை அவர் ஒரு பொலித்தீன் உறையில் இட்டுப் பத்திரமாக வைத்திருந்தது எங்களுடைய அதிர்ஷ்டம். தூசி உண்ணிக்கு 9 மி.மீ., கரப்பான்பூச்சிக்கு 6 மி.மீ., பூனைக்கு 4 மி.மீ., எவர் தோலையும் தடிக்கச் செய்வதால் ஒப்பீட்டுக்காக வைக்கப்படும் ஹிஸ்டமினுக்கு 7 மி.மீ. தடிப்பு என்று அதில் மையால் எழுதப்பட்டிருந்தது. அன்றிலிருந்து கபில நிறத் தடுப்புப் பம்பை, அதாவது பெக்ளோமெதசோனை, இடையிடையே விட்டாலும் பொதுவாக ஒழுங்காகவே பாவித்து வந்தார். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக அவருக்குப் பெரிய முட்டு எதுவும் வரவில்லை.

எங்களிடம் வருவதற்கு 16 மாதங்களுக்கு முன்னர் வேறோர் இடத்தில் சோதனை மீண்டும் செய்யப்பட்டது. அறிக்கையின் கடைசி வரி ஒவ்வாமை இல்லை என்று கூறியது. அவர் பம்பை நிறுத்தினார். இரண்டு மாதங்களுக்குள் விடியற்காலை இருமல் தொடங்கியது. அதற்கு மூன்று தடவை அன்டிபயோட்டிக்கும், பாணி மருந்து பல போத்தல்களும் கொடுக்கப்பட்டன. ஐப்பசி மழையில் இரு தடவை அவசர சிகிச்சைப் பிரிவில் நெபுலைசர் வைக்க வேண்டியிருந்தது. இதற்கிடையில், எங்களிடம் வருவதற்கு ஏழு மாதங்களுக்கு முன்னர், கண் அழுத்த நோய்க்காக டிமோலோல் சொட்டு மருந்தும் தொடங்கப்பட்டிருந்தது. இளம் வயதில் விறகடுப்பில் சமைத்தவர் என்பதைக் கேட்ட ஒருவர், இது ஆஸ்துமா அன்று, புகையால் வரும் நாட்பட்ட சுவாசத் தடை நோய் என்றும் கூறியிருந்தார்.

முதல் நாள் அவர் சொன்னது இது: "டொக்டர், எனக்கு அலர்ஜி இல்லையெண்டு பேப்பரிலயே இருக்கு. மூச்சும் முட்டேல்ல, இருமல் மட்டும்தான்." அவர் அதைச் சொன்ன அன்று, முதல் ஒரு செக்கனில் அவரால் ஊதி வெளியேற்ற முடிந்த கனவளவு 1,180 மி.லீ. மட்டுமே, அவருடைய வயதுக்கும் உயரத்துக்கும் எதிர்பார்க்கப்படுவதில் ஏறத்தாழ 65%. சுவாசக்குழாய் சுருங்குவதை முதியவர்கள் இளையவர்களைப் போல் உணர்வதில்லை என்பது ஆய்வுகளில் காட்டப்பட்ட ஒன்று. முதியவர் மூச்சு முட்டவில்லை என்று சொல்வதை அவருடைய சுவாசப்பையின் நிலை பற்றிய சான்றாக எடுத்துக்கொள்ள முடியாது. ஊதச் சொல்லி அளந்தே பார்க்க வேண்டும். சுவாசக்குழாயை விரிக்கும் சல்பியூட்டமோல் கொடுத்த பின்னர் அந்தக் கனவளவு 1,420 மி.லீ. ஆக உயர்ந்தது. 240 மி.லீ., அதாவது 20% உயர்வு, ஆஸ்துமாவையே சுட்டியது. விறகடுப்புப் புகையின் பங்கு அதனால் முற்றாக விலக்கப்படாவிட்டாலும், முதன்மையான நோய் எது என்பதில் ஐயம் இருக்கவில்லை.

ஒவ்வாமை இல்லை என்ற அறிக்கை

அந்த அறிக்கையை ஆறுதலாக வாசித்தபோது மூன்று குறைகள் தெரிந்தன. அதில் தூசி உண்ணிக்கு 2 மி.மீ. தடிப்பு வந்ததாகக் குறிக்கப்பட்டிருந்தது; 3 மி.மீ. என்ற வழக்கமான எல்லையைத் தொடாததால் அது இல்லை என்று கணக்கிடப்பட்டிருந்தது. ஆனால் ஹிஸ்டமினுக்கு எவ்வளவு தடிப்பு வந்தது என்ற கட்டம் வெறுமையாக இருந்தது. ஹிஸ்டமின் துளியை வைப்பதன் நோக்கம், அந்தத் தோல் அன்றைக்குத் தடிக்கக்கூடிய நிலையில் இருக்கிறதா என்று அறிவதே. அது தெரியாமல் மற்ற எண்களை வாசிப்பதில் பயனில்லை. அடுத்து, சோதனைக்கு முந்திய இரண்டு இரவுகளும் தடிமனுக்காக அவர் பிரிட்டன் (Piriton) என்ற ஒவ்வாமை எதிர்ப்புக் குளிசை எடுத்திருந்தார். அதிலுள்ள குளோர்பெனிரமின் போன்ற மருந்துகள் தோலின் தடிப்பைச் சில நாட்களுக்கு அடக்கிவைக்கும். அதனாலேயே ஒவ்வாமை எதிர்ப்பு மருந்துகளைப் பொதுவாக ஒரு வாரம் முன்னரே நிறுத்தச் சொல்கிறோம். சுவாசிக்கும் ஸ்டீரொயிட் பம்பை நிறுத்த வேண்டியதில்லை என்பதையும் இங்கே சொல்லிவைக்க வேண்டும். சோதனைக்காகப் பம்பை நிறுத்திவிட்டு முட்டோடு வருபவர்களும் இருக்கிறார்கள்.

மூன்றாவது குறை சோதித்த பொருட்களின் பட்டியல். பேர்ச் மரமும் ராக்வீட்டும் திமோத்திப் புல்லும் அதில் இருந்தன. கொழும்பில் பேர்ச் மகரந்தத்தைத் தேடுவது சோதனைப் பெட்டியை ஆக்கியவரின் நாட்டுக்கு உதவலாம். காலி வீதிக்கும் கடலுக்கும் இடையில் வாழும் ஒருவருக்கு உதவாது. இங்கே ஆண்டின் பெரும்பகுதியிலும் சராசரி ஈரப்பதன் 75 முதல் 80% வரையிலும், வெப்பநிலை 27, 28 பாகையிலும் நிற்கிறது. தூசி உண்ணி நீர் குடிப்பதில்லை. காற்றிலுள்ள ஈரத்தை உடலால் உறிஞ்சியே வாழ்கிறது. ஈரப்பதன் 50% இற்குக் கீழே நீடித்து இறங்கினால் அது உலர்ந்து இறக்கும். குளிர்நாடுகளின் பனிக்காலத்தில் சூடேற்றிய வீடுகளுக்குள் அப்படி நிகழ்வதுண்டு. வெள்ளவத்தையில் அதற்கு இடமில்லை. இன்னொன்று: வெப்பமண்டல நாடுகளில், தூசி உண்ணி என்று வழக்கமாகச் சோதிக்கப்படும் டெர்மடோபகொயிடிஸ் இனங்களுடன் புளோமியா டிரொப்பிகாலிஸ் என்ற வேறோர் உண்ணியும் முக்கியமானது. இரண்டின் ஒவ்வாமைப் புரதங்களுக்கிடையே ஒற்றுமை குறைவு. ஆகவே முதலாவதைச் சோதித்தால் இரண்டாவதையும் சோதித்ததாகாது. அந்தப் பட்டியலில் புளோமியா இல்லை.

எங்கள் சோதனைகள்

ஒவ்வாமை எதிர்ப்பு மருந்துகளை ஒரு வாரம் நிறுத்திய பின்னர் மூவருக்கும் ஒரே நாளில், ஒரே கையால், ஒரே பொருட்களைக் கொண்டு சோதனை செய்யப்பட்டது. உள்முன்கையில் துளிகளை வைத்து, ஒவ்வொரு துளியினூடாகவும் தனி ஊசி முனையால் மேற்தோலை மெல்லக் குத்தி, 15 நிமிடங்களின் பின் தடிப்பின் விட்டம் அளக்கப்பட்டது. அம்மம்மாவின் முன்கைத் தோல் வெயிலில் பழகி, மெலிந்து, சிறு தட்டலுக்கும் ஊதாக் கறை விழும் நிலையில் இருந்தது. அங்கே ஹிஸ்டமினுக்கு 4 மி.மீ., தூசி உண்ணிக்கு 3 மி.மீ., புளோமியாவுக்கு 4 மி.மீ., கரப்பான்பூச்சிக்கு 2 மி.மீ. தடிப்பு வந்தது, பூனைக்கும் உப்புநீருக்கும் எதுவுமில்லை. வெயில் படாத மேல்முதுகில் அதே நாளில் மீண்டும் குத்தியபோது ஹிஸ்டமின் 5, தூசி உண்ணி 4, புளோமியா 5 மி.மீ. என்று எல்லாம் சற்றே பெருத்தன. முதுகு முன்கையைவிட இயல்பாகவே கூடுதலாகத் தடிக்கும் என்பதால் இந்த வேறுபாட்டை முழுவதும் வெயிலின் தலையில் சுமத்த முடியாது. இருந்தாலும் ஒரே மனிதரின் ஒரே ஒவ்வாமை இரண்டு இடங்களில் இரண்டு எண்களாக வருகிறது என்பதைக் கண்ணால் கண்டபின், 2 மி.மீ. என்றும் 3 மி.மீ. என்றும் கோடு கிழித்து நோயைத் தீர்மானிப்பதில் தயக்கம் வரவேண்டும்.

41 வயதான மகளின் தோல் முற்றிலும் வேறாக நடந்துகொண்டது. ஹிஸ்டமின் 7, தூசி உண்ணி 8, புளோமியா 9, கரப்பான்பூச்சி 6, பூனை 3 மி.மீ. இறால் சாப்பிட்டால் உதடு கடிக்கிறது (அரிக்கிறது) என்றும் அவர் சொன்னார். உண்ணி, கரப்பான்பூச்சி, இறால் மூன்றிலும் டிரோப்போமயோசின் என்ற ஒரே வகைத் தசைப் புரதம் இருப்பதால் இந்த இணைப்பு எங்களுக்கு வியப்பளிக்கவில்லை. பேரனுக்கு வயது 9. அவனுக்கு ஹிஸ்டமின் 5, தூசி உண்ணி 6, புளோமியா 7 மி.மீ.; கரப்பான்பூச்சிக்கும் பூனைக்கும் எதுவும் இல்லை. இரண்டு வயதில் அவனுடைய குருதியில் முட்டை வெள்ளைக்கருவுக்கு எதிரான ஐஜிஈ, அதாவது ஒவ்வாமையில் பங்குகொள்ளும் பிறபொருளெதிரி, இருந்ததும், உண்ணிக்கு எதிராக எதுவும் இருக்காததும் பழைய அறிக்கையில் உள்ளன. இப்போது அவன் முட்டை தாராளமாகச் சாப்பிடுகிறான்.

அம்மம்மாவின் குருதிச் சோதனையில் மொத்த ஐஜிஈ மி.லீற்றருக்கு 118 அலகு. 34 வயதில் அது 620 ஆக இருந்தது. ஆனால் உண்ணிக்கென்றே உரிய ஐஜிஈ லீற்றருக்கு 4.8 கிலோ அலகு, புளோமியாவுக்கு 6.1, கரப்பான்பூச்சிக்கு 0.9, இவை மூன்றும் 0.35 என்ற வழக்கமான எல்லைக்கு மேலே இருந்தன. ஒவ்வாமை அழற்சியில் கூடும் வெண்குருதிக் கலங்களான இயோசினோபில்கள் மைக்ரோலீற்றருக்கு 420. சுவாசக்குழாய் அழற்சியைக் காட்டும் நைட்ரிக் ஒக்சைட் வெளிச்சுவாசத்தில் பில்லியனில் 41 பங்கு. வளர்ந்தோரில் 25 இற்குக் கீழே தாழ்வு, 50 இற்கு மேலே உயர்வு என்று 2011ஆம் ஆண்டின் அமெரிக்க மார்பு மருத்துவச் சங்க வழிகாட்டி வகுத்திருப்பதால் இது இடைப்பட்ட அளவு.

வயதோடு மாறுவது எது

மூன்று வயதுகளின் தோலையும் பக்கத்தில் பக்கத்தில் பார்க்கும்போது முதலில் கவனிக்க வேண்டியது ஹிஸ்டமின் வரிசை: பேரனில் 5, மகளில் 7, அம்மம்மாவில் 4. ஹிஸ்டமினுக்கும் ஒவ்வாமைக்கும் நேரடித் தொடர்பில்லை. ஒவ்வாமை இல்லாதவரின் தோலும் ஹிஸ்டமினுக்குத் தடிக்கும். குழந்தைப் பருவத்தில் சிறிதாக இருக்கும் இந்தத் தடிப்பு வளர வளரப் பெருத்து, நடுவயது வரை நிலைத்து, ஏறத்தாழ 60 இற்குப் பின்னர் சிறுக்கிறது என்பது நீண்ட காலமாகத் தெரிந்த செய்தி. முதிய தோல் மெலிகிறது, அதன் நுண்குருதிக் குழாய்கள் குறைகின்றன, வெயில் பட்ட இடங்களில் எதிர்வினை மேலும் மங்குகிறது. ஆகவே தடிப்பு சிறுத்ததில் ஒரு பங்கு தோலுடையது. அதை ஒவ்வாமையின் கணக்கில் எழுதக்கூடாது.

மறு பங்கு உண்மையாகவே ஒவ்வாமையுடையது. மொத்த ஐஜிஈ பருவ வயதை ஒட்டி உச்சத்தைத் தொட்டு, பின்னர் பொதுவாக இறங்குகிறது. ஒவ்வாமை மூக்கழற்சியும் ஆஸ்துமாவும் உள்ளவர்களில் இவ்வாறு குறைந்தாலும், ஒவ்வாமைத் தோலழற்சி உள்ளவர்களில் அது குறையவில்லை என்று காட்டிய ஆய்வும் உண்டு. ஐரோப்பிய சமுதாயச் சுவாச நலக் கருத்தாய்வில் ஒரே மனிதர்களை இருபது ஆண்டுகள் தொடர்ந்தபோது உண்ணிக்கும் பூனைக்கும் இருந்த உணர்திறன் குறைந்தது. புல் மகரந்தத்துக்கு இருந்தது அவ்வாறு குறையவில்லை. எங்கள் அம்மம்மாவின் பூனை ஒவ்வாமை மறைந்ததற்கு இன்னொரு எளிய காரணமும் இருக்கலாம்: யாழ்ப்பாணத்து வீட்டில் பூனைகள் இருந்தன, தொடர்மாடியில் இல்லை. உண்ணி அப்படி விட்டுப் போகவில்லை.

இருபது ஆண்டுத் தொடர்ச்சியை நான் வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. வெவ்வேறு வயதினரை ஒரே நாளில் சோதித்து, முதியவர்களுக்கு ஒவ்வாமை குறைவு என்று கண்டால், அது வயதின் விளைவாகவும் இருக்கலாம், பிறந்த காலத்தின் விளைவாகவும் இருக்கலாம். மேலை நாடுகளில் பிந்திப் பிறந்த தலைமுறைகளில் ஒவ்வாமை உணர்திறன் கூடுதலாகவே தொடங்கியிருக்கிறது. எங்களிடத்திலும், கிணற்றடியும் மண் முற்றமும் குடற்புழுவும் நிறைந்த குழந்தைப் பருவம் அம்மம்மாவுடையது. தரை ஓடு பதித்த மூன்றாம் மாடியும் மூடிய யன்னலும் பேரனுடையது. இந்த மூவரையும் ஒரே ஏணியின் மூன்று படிகளாக எண்ணி, பேரன் நாளைக்கு மகளாவான், மகள் நாளைக்கு அம்மம்மாவாவார் என்று கொள்வது பிழை. நல்வாய்ப்பாக அம்மம்மாவிடமே இரு வயதுகளின் எண்கள் இருந்தன. அவற்றிலும் எச்சரிக்கை வேண்டும்: 34 வயதில் குத்திய கை வேறு, பாவித்த சாறு வேறு, ஊசி வேறு. 9 மி.மீ. 3 ஆகக் குறைந்தது என்று சொல்வதைவிட, அன்று ஹிஸ்டமினைவிடப் பெரிதாக இருந்த உண்ணித் தடிப்பு இன்று ஹிஸ்டமினைவிடச் சற்றுச் சிறிதாக இருக்கிறது என்று சொல்வதே நியாயம். அது குறைந்திருக்கிறது, போகவில்லை.

பெருந்தொகையான மக்களைப் பார்த்தாலும் இதே சாயல்தான். அமெரிக்காவின் 2005–2006 தேசிய சுகாதார, போசணைக் கணக்கெடுப்பில், ஏதேனும் ஒன்றுக்காவது ஒவ்வாமை உணர்திறன் உடையவர்கள் 20 முதல் 40 வயது வரையான ஆஸ்துமா நோயாளரில் ஏறத்தாழ 75%. 55 வயதும் அதற்கு மேலும் உள்ள ஆஸ்துமா நோயாளரில் ஏறத்தாழ 65%. வீழ்ச்சி இருக்கிறது. ஆனால் மூவரில் இருவருக்கு அந்த வயதிலும் ஒவ்வாமை எஞ்சியிருக்கிறது என்பதையே நான் பெரிதாக எடுத்துக்கொள்வேன். நியூயோர்க் நகரத்து முதிய ஆஸ்துமா நோயாளரில், கரப்பான்பூச்சிக்கு உணர்திறன் உடையவர்களின் சுவாசத் தடை மற்றவர்களைவிடக் கடுமையாக இருந்தது என்று 2002இல் வெளியான ஆய்வு கூறியது. பழைய நகர வீடுகளில் வாழ்நாள் முழுவதும் கரப்பான்பூச்சியோடு குடியிருப்பவர்கள் நியூயோர்க்கில் மட்டும் இல்லை.

குருதி ஐஜிஈயை வாசிப்பதற்கும் வயது வேண்டும். அமெரிக்காவின் டூசன் நகரில் 2,657 பேரைச் சோதித்து 1989இல் வெளியான ஆய்வு, தோல் சோதனை எப்படி இருந்தாலும், வயதுக்கும் ஆண், பெண் என்ற பாலினத்துக்கும் ஏற்பச் சரிசெய்த ஐஜிஈ அளவுடன் ஆஸ்துமா நெருங்கிச் செல்வதைக் காட்டியது. இங்கே கவனிக்க வேண்டிய சொற்கள் வயதுக்கு ஏற்பச் சரிசெய்த என்பவையே. 118 என்ற எண் 20 வயது இளைஞனில் ஒருவரின் கண்ணிலும் படாது. 67 வயதில் அதற்கு வேறு பொருள் உண்டு. எங்கள் நாட்டில் குடற்புழுவும் மொத்த ஐஜிஈயை உயர்த்தக்கூடும் என்பதால், உண்ணிக்கென்றே உரிய ஐஜிஈயைத் தனியாகப் பார்த்தோம்.

பேரனின் பக்கத்தில் மாற்றம் எதிர்த்திசையில் ஓடுகிறது. உணவுக்கு எதிரான உணர்திறன் முதலில் தோன்றி மங்குவதும், காற்றில் வருபவற்றுக்கான உணர்திறன் பின்னர் தோன்றிச் சேர்ந்துகொண்டே போவதும் சிறுவரில் வழக்கமான ஒழுங்கு. ஜேர்மனியில் 1990இல் பிறந்த குழந்தைகளைத் தொடர்ந்த ஆய்வு, வீட்டுக்குள் ஆண்டு முழுவதும் இருக்கும் ஒவ்வாமைப் பொருட்களுக்கு முதல் மூன்று ஆண்டுகளுக்குள் உணர்திறன் பெற்று, அவற்றோடு கூடுதலாகப் புழங்கியவர்களின் சுவாசப்பை இயக்கம் பள்ளி வயதில் குறைந்திருப்பதைக் காட்டியது. இந்தப் பேரன் அந்த வயதுக்குள் உண்ணிக்கு உணர்திறன் பெறவில்லை என்றே இரண்டு வயது அறிக்கை சொல்கிறது. அவனுடைய ஊதல் அளவுகளும் இயல்பாகவே உள்ளன.

சொட்டு மருந்தா, உண்ணியா

இந்த நோயாளரில் தடுமாற வைத்த கேள்வி இது. டிமோலோல் ஒரு பீற்றா தடுப்பி. கண்ணில் விடும் துளி கண்ணீர்க் குழாய் வழியே மூக்குக்குள் இறங்கி, ஈரலைக் கடக்காமல் நேரே குருதியில் சேர்வதால், ஆஸ்துமா உள்ளவரில் சுவாசக்குழாயைச் சுருக்கப் போதுமானது. முதியவரில் ஒவ்வாமையை மட்டும் தேடிக்கொண்டிருப்பவர் இதைத் தவறவிடுவார். இருமலைத் தூண்டும் இரத்த அழுத்தக் குளிசைகளையும், ஆஸ்பிரின் வகை வலி நிவாரணிகளையும், இதயத் தளர்ச்சியையும் அப்படியே தவறவிடுவார். முதல் நாளே கண் வைத்தியரோடு தொலைபேசியில் பேசி டிமோலோலுக்குப் பதிலாக, பீற்றா தடுப்பி அல்லாத லடனோப்ரொஸ்ட் சொட்டு மருந்து மாற்றப்பட்டது. அதே நாளில் அழற்சியைத் தணிக்கும் பியுடெசொனைட்டும் சுவாசக்குழாயை விரிக்கும் போர்மொட்டரோலும் சேர்ந்த பம்பும் காலையும் இரவும் தொடங்கப்பட்டது. 65% இல் மூச்சுவிடும் ஒருவருக்கு, எது காரணம் என்ற ஆராய்ச்சிக்காகச் சிகிச்சையைப் பிந்தவைக்க முடியாது.

இரண்டையும் ஒன்றாகச் செய்ததால் எதற்கு எவ்வளவு பங்கு என்று துல்லியமாகப் பிரிக்க இயலாது. இருந்தாலும் உண்ணியின் பக்கம் இரண்டு சான்றுகள் நிற்கின்றன. இருமல் சொட்டு மருந்துக்கு ஏழு மாதங்கள் முன்னரே, தடுப்புப் பம்பை நிறுத்திய இரண்டே மாதங்களில் தொடங்கியிருந்தது. மேலும், பீற்றா தடுப்பி சுவாசக்குழாய்த் தசையைச் சுருக்குமே தவிர, வெளிச்சுவாச நைட்ரிக் ஒக்சைட்டை உயர்த்தும் அழற்சியை உண்டாக்குவதில்லை. 12 வாரங்களின் பின்னர் அந்த 41 பங்கு 19 ஆக இறங்கியது. முதல் செக்கன் கனவளவு சல்பியூட்டமோல் இல்லாமலே 1,460 மி.லீ. ஆகியது, காலை ஊதல் வேகம் நிமிடத்துக்கு 190 லீற்றரிலிருந்து 290 இற்கு ஏறியது. விடியற்காலை விழிப்பு நின்றது.

விரல் மூட்டுகளில் வாதம் இருந்ததால் பம்பை அழுத்துவதில் அவருக்குச் சிரமம் இருந்தது. முதல் இரு வாரங்கள் மகள்தான் அழுத்திக் கொடுத்தார், பின்னர் பம்பில் பொருத்தும் ஸ்பேசர் என்ற குழாய் வாங்கியதும் அவரே பழகிக்கொண்டார். ஒவ்வாமைத் தடுப்பூசி முறை பற்றி மகள் கேட்டார். சுவாசப்பையின் இயக்கம் 70% இற்குக் கீழே இருப்பவருக்கு அதைத் தொடங்குவது பாதுகாப்பன்று என்பதால், முதலில் 65% இல் இருந்த அம்மம்மாவுக்கு அது கருதப்படவில்லை.

அந்த அறை

மகள் தொலைபேசியில் எடுத்துவந்த படங்களில் பின்னறை தெரிந்தது. அடுத்த கட்டிடத்தின் சுவர் கை எட்டும் தூரத்தில் நிற்பதால் அந்த அறைக்குள் வெயில் வருவதில்லை. தும்பு மெத்தையின் அடிப்புறத்தில் தேநீர் நிறக் கறைகள். அலுமாரியை இழுத்து எடுத்த படத்தில் அதன் பின்சுவர் முழுவதும் கரும்பூஞ்சணம். தலையணை யாழ்ப்பாணத்திலிருந்து கொண்டுவந்த இலவம்பஞ்சுத் தலையணை, உறை மட்டுமே மாறியிருந்தது. இரவில் நுளம்புத்திரியும் எரிந்தது.

இத்தகைய வீட்டுத் திருத்தங்களின் பயன் பற்றி மிகைப்படுத்திப் பேசக்கூடாது. உண்ணியைக் குறைக்கும் முறைகள் பற்றிய 54 சோதனைகளை, 3,002 நோயாளரின் விவரங்களுடன், 2008இல் ஒன்றுசேர்த்துப் பார்த்த கொக்ரேன் மீளாய்வு, அவற்றால் ஆஸ்துமாவில் பயன் காணவில்லை. மறுபுறம், 2017இல் வெளியான இங்கிலாந்து ஆய்வில் உண்ணி ஒவ்வாமையுள்ள 284 சிறுவர்களை இரு பிரிவாக்கிப் பார்த்தபோது, கடும் முட்டோடு வைத்தியசாலைக்குச் சென்றவர்கள், ஒப்பீட்டுக்கான போலி உறை இட்ட பிரிவில் 41.5%, மெத்தைக்கும் தலையணைக்கும் உண்ணி ஊடுருவாத உறை இட்ட பிரிவில் 29.3%. இதனால் பேரனின் கட்டிலுக்கு உறை வாங்குவதை நான் கூடுதலாக வற்புறுத்தினேன், அம்மம்மாவின் கட்டிலுக்கு அவ்வளவாக இல்லை. அவருக்குப் பழைய மெத்தையையும் தலையணையையும் அகற்றுவதும், பூஞ்சணம் பிடித்த சுவரிலிருந்து கட்டிலை முன்னறைக்கு மாற்றுவதும், நுளம்புத்திரிக்குப் பதிலாக வலை கட்டுவதும் போதும் என்று தோன்றியது. உண்ணி இறக்க 55 பாகைக்கு மேற்பட்ட வெந்நீர் வேண்டும்; எங்கள் வீடுகளில் படுக்கை விரிப்பு பச்சைத் தண்ணீரிலேயே தோய்க்கப்படுகிறது. பச்சைத் தண்ணீரும் ஒவ்வாமைப் புரதத்தின் பெரும்பகுதியைக் கரைத்து நீக்கிவிடும் என்பதால், வாரம் ஒருமுறை தோய்த்து வெயிலில் உலர்த்துவதை மாற்றச் சொல்லவில்லை.

தொடர் கவனிப்பு

அம்மம்மாவின் தடுப்புப் பம்பு அடுத்த ஐப்பசி, கார்த்திகை மழை கழியும் வரை அளவு குறைக்கப்படாது. அதன் பின்னரும் குறைப்பதா என்பது ஊதல் அளவையும் நைட்ரிக் ஒக்சைட்டையும் பார்த்தே முடிவாகும், தோல் சோதனையைப் பார்த்தன்று. அவருக்குத் தோல் சோதனையை மீண்டும் செய்ய வேண்டிய தேவை எதுவும் இப்போது இல்லை. கண் மருத்துவ அட்டையின் முகப்பில் பீற்றா தடுப்பித் துளி கொடுக்கக்கூடாது என்று சிவப்பு மையால் எழுதப்பட்டுள்ளது. மகளுக்கு இறால் பற்றிய தனிச் சோதனை ஒழுங்கு செய்யப்பட்டிருக்கிறது. பேரனுக்குக் கரப்பான்பூச்சி, பூனை ஆகியவற்றுக்கான சோதனை, மூக்கிலோ மூச்சிலோ புதிய மாற்றம் தெரிந்தால் மட்டும் மீண்டும் செய்யப்படும். 14, 15 வயதில் அவனுடைய இழுப்பு நின்றுவிட்டாலும், அம்மம்மாவின் வரலாற்றைக் கருதி, ஆண்டுக்கு ஒருமுறை ஊதிப் பார்ப்பது தொடரும்.